குடை ஏற்றிய பாதம்

ஐராவதி ஆறு வளைந்து வளைந்து போகிற பர்மா தேசத்திலே, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மின்சோ என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம்.

ஒருநாள் மேல்மாடியைக் கழுவிக்கொண்டிருந்த வேலைக்காரன் காலிலிருந்து ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் ராஜாவின் மூக்கில் விழுந்தது. உடனே தண்டோரா: "நம் தலைக்கு மேலே எவன் பாதம் உயர்ந்தாலும் அவன் தலை போகும்!" அன்றிலிருந்து அரண்மனை மாடிகளில் பூனைகள்தான் வாசம்.

அந்த வருஷம் புத்தர் கோயிலான பெரிய பகோடாவின் உச்சியில் 'ஹ்தி' ஏற்றினார்கள். ஹ்தி என்பது மணிகள் தொங்கும் பொற்குடை. அது ஏறினால்தான் பகோடா முழுமை பெறும். மூங்கில் சாரத்தில் ஏறி அதைப் பொருத்தியவன் கோ மியா என்ற கொத்தன். மகிழ்ந்துபோன ராஜா தன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார். குடை ஏற்றும் வேலையைத் தன் மருமகனுக்குக் கேட்டும் கிடைக்காமல், அந்த மரியாதையும் போயிற்றே என்று வயிறெரிந்தார் சபையில் இருந்த ஊ டூன் பிரபு.

மறுநாளே சபையில் எழுந்தார். "மகாராஜா, அந்தக் கொத்தன் பாதம் நேற்றுத் தங்கள் தலைக்கு மேலே இருந்தது!"

"குடையை ஏற்றச் சொன்னது நாம்தானே?"

"குடையை ஏற்றச் சொன்னீர்கள். பாதத்தையுமா ஏற்றச் சொன்னீர்கள்?"

ராஜா தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். பிடித்து வாருங்கள் அவனை!"

கோ மியாவைக் கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே அவன் மனைவி மா எய், இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு ஓடி வந்தாள். பாதி பூசிய தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து ஒரு கன்னத்தில் மட்டும் காய்ந்திருந்தது. "மகாராஜா, இவர் போய்விட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று தரையில் விழுந்தாள். குழந்தை ராஜாவைப் பார்த்துச் சிரித்தது.

மந்திரி ஊ பான்யா மெதுவாகக் கொட்டாவி விட்டார்.

"இதைப் போய் நம்புவதா, மகாராஜா? எதிரே நிற்பது யானையா எருமையா என்றே பிரபுவுக்குத் தெரியாது. கூட்டத்தின் கடைசியில் நின்று அண்ணாந்திருப்பார்; கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்."

"என் கண்ணுக்கு என்ன குறை, மந்திரியாரே? அவன் கால் நகத்தில் ஒட்டிய சுண்ணாம்புகூடத் தெரிந்தது!"

"கீழே இருந்தா? கதை விடாதீர்."

"கீழே நிற்க நான் என்ன சந்தைக்காரனா? காவல்கோபுரத்தின் ஏழாம் தட்டில் நின்றேன்! அவனும் நானும் நேருக்கு நேர். மகாராஜா அங்கே கீழே, ஓர் எலுமிச்சம்பழம் அளவுதான்..."

வாய் பாதியில் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எலுமிச்சம்பழமா?" என்றார் ராஜா.

"சட்டப்படி பாதங்கள் இப்போது நான்கு, மகாராஜா," என்றார் மந்திரி பணிவாக. "தலைகள் இரண்டு."

ராஜாவின் கண்ணில் குறும்பு எட்டிப் பார்த்தது. "ஊ டூன், கொத்தனுக்கு நீரே தீர்ப்புச் சொல்லும். அவனுக்கு எதுவோ, அதுதான் உமக்கும்."

பிரபு அவசரமாகக் கைகூப்பினார். "மகாராஜா! புத்தருக்குக் குடை தூக்கிய கால் புண்ணியக் கால் அல்லவா? இவனைப் போல உத்தமன் தேசத்தில் உண்டா? அந்தக் குழந்தையைத்தான் பாருங்களேன், என்ன லட்சணம்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமாக, பிரபு," என்றார் மந்திரி.

"அவிழ்த்துவிடுங்கள் அவனை!" என்று அலறினார் ஊ டூன்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டு அவிழ்ந்தது. சட்டமும் அன்றோடு போயிற்று. மந்திரிக்கு ஒரு பச்சைக்கல் மாலை கிடைத்தது.

"ஊ டூன், உமக்குத்தான் உயரம் ரொம்பப் பிடிக்கிறதே," என்றார் ராஜா. "இனி வருஷம் ஒருமுறை மேலே ஏறி அந்தக் குடையைத் துடைக்கவேண்டியது நீர். உம் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே பிடிக்கவேண்டியது கோ மியா."

அன்று முதல் கோ மியா எந்தத் தெருவில் எதிர்ப்பட்டாலும், ஊ டூன் பிரபுதான் ஓடிவந்து முதலில் கேட்பாராம்: "சாப்பிட்டாயா, தம்பி?"