பலாமூட்டுப் பன்றி

“கயித்தை விடுங்க மொதலாளி. இது எம் மவ கல்யாணத்துக்கு வளக்கது,” என்றாள் சூசம்மா.

ஜெரோம் முதலாளி விடவில்லை. பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு அவருக்கு அந்தப் பன்றிதான் வேண்டும். அது ரப்பர் தோட்டத்தில் மேய்ந்து, பலாமரத்து மூட்டடியில் விழுந்த பழமும் மரச்சீனிக் கிழங்கும் தின்று வளர்ந்தது. அவருடைய கொட்டிலில் நின்றவை மீன்கழிவு தின்றவை.

“பதிலுக்கு எங்கொட்டில்ல ஒண்ணைப் பிடிச்சுக்கோ. எதைத் தின்னாலும் பன்னி பன்னிதான். ரெண்டும் ஒண்ணுதான்.”

“இதைப் பங்குச்சாமி முன்னால சொல்லுவியளா?”

முதலாளி கோயிலுக்குப் போய்ப் பங்குப் பாதிரியார் முன்னாலும் அதையே சொன்னார். சூசம்மா தலையாட்டினாள். முதலாளியின் கொட்டில் வேலைக்காரி என்பதால் பன்றியை வெட்டுகாரனிடம் கொண்டுபோய் விடுவதும் அவள்தான்.

விருந்தில் பங்குச்சாமி ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். “ஜெரோமே, இது மீன்கறியா?”

முதலாளியும் தின்று பார்த்தார். “எட்டீ, எதை வெட்டக் குடுத்தே?”

“உங்க கொட்டில்ல நின்னதை. தோட்டம் தூரம், கொட்டில் பக்கம். ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியள்லா?”

முதலில் சிரித்தவர் பங்குச்சாமி. பிறகு பந்தி முழுவதும் சிரித்தது.

“அப்ப உம் பன்னி?”

“பலாமூட்டுல மேயுது மொதலாளி.”

முதலாளியின் மனைவி எழுந்து பின்பக்கம் போனாள். கொட்டில் வாசலில் இருந்த மீன்கழிவு வாளியைத் தூக்கி, தென்னை மூட்டில் கவிழ்த்தாள்.