நீலக் கோடு

தில்லைநாயகம் கடல் மட்டத்தை அளந்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, சுவரோவியம் வரையும் குயிலியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தைந்து. "குருவே" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவர் ஓவியம் கற்க வந்ததற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். மீனவக் குப்பம் ஒன்றில், கரையை ஒட்டிப் புதுப் பள்ளி கட்டப் போகிறார்கள். பூமி சூடேறுகிறது, கடல் ஏறி வருகிறது, அந்த இடத்தை நம்பிப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள் என்று வரைபடமும் கையுமாகப் போய் வாய் வலிக்கச் சொன்னார். ஊர் மரியாதையாகத் தலையாட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியது. அடிக்கல்லுக்கு நாளும் குறித்தது.

கணக்கு எடுபடவில்லை, ஓவியமாவது எடுபடும் என்று நினைத்தார். வருங்காலப் புயலில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்குமோ, அந்த உயரத்தில் குப்பத்து வீட்டுச் சுவர்களில் நீலக் கோடு இழுத்தார். பக்கத்தில் ஆண்டையும் எழுதினார். மறுநாள் போய்ப் பார்த்தால், எல்லாக் கோட்டின் மேலும் சுண்ணாம்பு.

"நீலம் பத்தலையா குருவே? சிவப்புல போட்டிருக்கணுமோ?"

"பக்கத்துல நம்பர் எழுதினீங்களா?"

"வருஷம் எழுதினேன்."

"சுவர்ல கோடு போட்டு நம்பர் எழுதினா, வீட்டை இடிக்க ஆள் வராங்கன்னு அர்த்தம். அங்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் முகம் தொங்கிப் போயிற்று. இத்தனை வருடக் கணக்கில் அது வரவேயில்லை.

குயிலி பெயின்ட் வாளியோடு குப்பத்துக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ரோஸ்லினிடம் நின்றாள்.

"அக்கா, போன புயலுக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"இதோ, இடுப்பு வரைக்கும்."

"உங்க சுவர்ல போட்டுக் காட்டுங்களேன்."

ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு பிரஷை வாங்கிக் கோடு போட்டாள். எதிர்வீட்டுச் சூசை எட்டிப் பார்த்தார். ஊர்க் கமிட்டித் தலைவர் அவர்தான்.

"என்ன இவ்வளவு கீழ போடுற? என் வீட்டுல தாழ்ப்பாளே முங்கிச்சு."

"உங்க வீடு பள்ளம் அண்ணே."

"கொண்டா பிரஷை."

சாயங்காலத்துக்குள் தெருவே சண்டை போட்டுக்கொண்டு கோடு போட்டது. தில்லைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"வந்த தண்ணியை வரைஞ்சு என்ன பண்றது குருவே? நாளை மறுநாள் அடிக்கல்."

குயிலி வாளியில் பெயின்டைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சூசை பிரஷோடு பள்ளிக்கூட மனைக்கே போய்விட்டார். அங்கே சுவர் இல்லை. பந்தலுக்கு நட்ட மூங்கிலில், தன் நெஞ்சுக்கு நேராகக் கோடு போட்டார். போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒரு பிள்ளையின் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திப் பார்த்தார்.

"எனக்கே நெஞ்சு வரைக்கும்," என்றார். பிறகு தில்லைநாயகத்தின் பக்கம் திரும்பினார். "சார், எங்க புள்ளைங்க காலத்துல இது எங்க வந்து நிக்கும்?"

இந்த ஒரு கேள்விக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவர் அவர். கண் கலங்கிவிட்டது. பிரஷை வாங்கக் கை தானாக நீண்டது.

"குருவே, இப்ப நான் போடலாமா?"

"பிரஷ் அவர் கையிலேயே இருக்கட்டும்," என்றாள் குயிலி. "நீங்க உயரத்தை மட்டும் சொல்லுங்க."