அண்ணாந்த ராஜாவின் வலது கால்

முன்னொரு காலத்தில் மேட்டுப்புரம் என்ற சீமையை உச்சிதவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். 'ராஜா தலை குனிந்தால் கிரீடம் விழும், கிரீடம் விழுந்தால் அரசு போகும்' என்று அவன் பாட்டன் ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தான். பேரன் அதையும் தாண்டிப் போனான். அரண்மனை வாசல்களையெல்லாம் இடித்து இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டினான். சாப்பாட்டுத் தட்டை அவன் மோவாய்க்கு நேராக ஏந்திப் பிடிக்க நாலு பேர் நின்றார்கள். ராஜாவை எவனாவது குனியச் சொன்னால் சொன்னவன் தலை போகும் என்று தண்டோராவும் போட்டாயிற்று. தன் கால் எப்படி இருக்கும் என்று பார்த்தே அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் காலில்தான் வினை வந்தது. வலது பாதம் மரத்துப் போயிருந்ததால் முள் குத்தியது அவனுக்குத் தெரியவில்லை. அது புண்ணாகி, சீழ் வைத்து, கறுக்கத் தொடங்கியது. சிம்மாசனம் ஏழு படி உயரத்தில் இருந்தது. கீழே நிற்கிற அத்தனை பேர் கண்ணுக்கும் நேராக அந்தக் கால் தெரிந்தது. காலுக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியவில்லை.

செருப்பு மாட்டிவிடுகிற பொன்னன் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "மகாராஜா, கொஞ்சம் குனிஞ்சு காலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டான். மறுநாள் அவன் தலை கோட்டை வாசலில் இருந்தது. அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? வைத்தியர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், காலைப் பார்க்காதவர் போல இருந்தார். தளவாய் வல்லபராயர், நாற்றம் தெரியாமல் இருக்கச் சாம்பிராணியை இரண்டு மடங்காகப் போடச் சொன்னார். இப்படிப்பட்ட ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது ராஜாவுக்குத் தனியாக எதிரி வேறு வேண்டுமா?

காய்ச்சல் ஏறியது. ராஜாவுக்குச் சாவு பயம் வந்தது. கடவுளைத் தேட வேண்டும் என்றான். எங்கே தேடினான்? மாடியில் ஏறி நின்று வானத்தைப் பார்த்தான். ஒன்றையும் காணோம் என்று இறங்கி வந்தான்.

வல்லபராயருக்கு அமைச்சர் மாசிலாமணி மேல் நெடுநாள் பொறாமை. அமைச்சர் ஓய்வு கிடைத்தால் வேதாகமத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். இதுதான் சமயம் என்று தளவாய் பவ்வியமாகச் சொன்னார்: "தம்முடைய கடவுளை அமைச்சர் நன்றாக அறிந்தவர். சபையிலேயே காட்டச் சொல்லுங்கள், மகாராஜா. காட்ட முடியாவிட்டால் இத்தனை நாள் படித்தது வெறும் வேஷம்தானே?"

"எட்டு நாள் தருகிறேன். காட்டாவிட்டால் உமது தலை பொன்னன் தலைக்குப் பக்கத்தில் போகும்" என்றான் ராஜா.

அமைச்சர் அந்தக் கறுத்த பாதத்தைப் பார்த்தார். எட்டு நாள் அது தாங்காது. நாளைக்கே காட்டுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொண்டார்.

மறுநாள் பித்தளைத் தாம்பாளம், வேப்பிலை போட்ட வெந்நீர், ஒரு துண்டு ஆகியவற்றோடு சபைக்கு வந்தார். ஏழு படியும் ஏறி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ராஜாவின் காலடியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் புண்ணைக் கழுவ ஆரம்பித்தார். மரத்த காலுக்கு எதுவும் உறைக்கவில்லை.

"அமைச்சரே, எங்கே உமது கடவுள்?"

"அவருடைய வேலை இங்கே நடந்துகொண்டிருக்கிறது, மகாராஜா. பாருங்கள்."

ராஜா விதானத்தைப் பார்த்தான். கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், கழுத்தைத் திருப்பிச் சிம்மாசனத்துக்குப் பின்னாலும் பார்த்தான். "ஒன்றும் இல்லையே. உமது குரல் எங்கிருந்து வருகிறது?"

"தாங்கள் பார்க்காத பக்கம் இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தாங்கள் போட்ட தண்டோரா அப்படி."

"வாளை எடுங்கள்" என்று வல்லபராயர் காவலருக்குக் கண் காட்டினார்.

அமைச்சர் கையை எடுக்கவில்லை. "நான் படிக்கிற வேதத்தில் கடவுள் மனிதனாக வந்தார், மகாராஜா. சாவதற்கு முன்னால் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய காலையும் கழுவினார். அவரைத் தாங்கள் மாடியில் ஏறித் தேடினீர்கள்."

ராஜாவின் கழுத்து மெல்ல இறங்கியது. கிரீடம் நழுவி ஏழு படியிலும் உருண்டு போயிற்று. அவன் தன் காலைப் பார்த்தான். அதில் புழு நெளிந்தது. புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் பார்த்தான்.

"அரசு போயிற்று" என்று கத்தினார் வல்லபராயர். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தியருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும், இனி முழங்கால் வரை எடுக்க வேண்டும் என்றார்.

"ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருவன் சொன்னானே" என்றான் ராஜா. சொல்லிவிட்டு அழுதான்.

"நானும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்" என்று அமைச்சரும் அழுதார்.

கால் போயிற்று, உயிர் பிழைத்தது. ராஜா அமைச்சருக்குத் தன் முத்திரை மோதிரத்தைக் கொடுத்தான். வல்லபராயரைக் கூப்பிட்டு, "கிரீடத்தின் மேல் உமக்குத்தான் அக்கறை அதிகம். நான் போகும் இடமெல்லாம் அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாரும். எப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதோ அப்போது கீழே வைத்துவிடலாம்" என்றான்.

முதலில் போன இடம் அமைச்சர் தொழுகிற சின்ன ஜெபவீடு. அதன் வாசல் இடுப்பளவுதான். இடித்துப் பெரிதாக்கலாமா என்று காவலர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று ராஜா ஊன்றி நடந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனான். தளவாய் கிரீடத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் வெயிலிலேயே நின்றார்.

உள்ளே தரையில் பொன்னனின் மனைவி செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். ராஜா அவள் முன்னால் நெற்றி தரையில் படக் கிடந்தான். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. வெகு நேரம் கழித்து, கொஞ்சம் நகர்ந்து, அவன் உட்கார இடம் விட்டாள்.