கோட்டையின் முதல் கல்

“என் கோட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருடுறாங்கம்மா,” என்றார் வால்டர் பிரபு.

துறவி அகத்தா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், இடிந்துபோன அந்தக் கோட்டையின் காவல் அறைதான் அவள் குடில். அவளுடைய சீடரான பிரபுவுக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

“எது கோட்டை? அந்த நாலு சுவரா?”

“நாலு சுவரானாலும் என்னோடது. இருநூறு வருஷம் முன்னாடி, கடல் தாண்டி வந்த நார்மன் படையோட என் முப்பாட்டனார் வந்து கட்டினது. நேத்து இந்த ஊர்க்காரி எடித்தைக் கையும் களவுமாப் பிடிச்சேன். அடுப்புக்குக் கல் எடுக்கிறா! நிலவறையில பூட்டி வச்சிருக்கேன். நாளைக்கு அவளையும் பிள்ளைகளையும் ஊரைவிட்டே துரத்தப்போறேன். என் சத்தியத்துக்கு நீங்க சாட்சி சொல்லணும்.”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல் திருட்டு என்று புகார் செய்பவர், கோட்டையின் முதல் கல்லில் கைவைத்து, ‘இது எங்களுடையது’ என்று துறவி முன்னால் சொல்ல வேண்டும். வால்டரின் அப்பாவும் தாத்தாவும் வாசல் தூணைத் தொட்டே காரியத்தை முடித்துக்கொண்டவர்கள்.

“தூண் பிற்பாடு வச்சது. முதல் கல் மதிலுக்கு அடியில இருக்கும். தோண்டிக் காட்டுங்க,” என்று மண்வெட்டியை நீட்டினாள் அகத்தா.

பிரபுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் தோண்டினார். கை கொப்பளித்தது. மதிலின் அடி வரிசை தெரிந்தது.

“இதைவிடப் பழசு இருக்கும்,” என்று வீம்பாக இன்னும் தோண்டினார்.

தட்டையான கல் ஒன்று தட்டுப்பட்டது. சட்டென்று அதில் கைவைத்தார்.

“இது எங்களு...”

“கையில என்ன அப்பியிருக்கு?”

பார்த்தார். கரி. கல்லின் பக்கத்தில் சாம்பலும் உடைந்த சட்டி ஒன்றும் கிடந்தன.

“அடுப்புக் கல்லா? யார் வீட்டுது?”

“உங்க முப்பாட்டனார் வந்தப்போ இங்க சமைச்சுக்கிட்டிருந்த ஊர்க்காரங்க வீட்டுது. வீடுகளைத் தரைமட்டமாக்கித்தான் மதில் எழுப்பினாங்க.”

“அப்போ, எங்க முதல் கல்?”

“அதைத் தாண்டி முழங்கால் ஆழம் வந்துட்டீங்க.”

வால்டர் குழியிலிருந்து ஏறி வந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

“நீங்களே போய்த் திறந்துவிடுங்கம்மா. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அகத்தா சாவியை வாங்கவில்லை.

“பூட்டினது யாரு?”