தோட்டத்துக்கு எண்ணெய்க் குளியல்

மேலப்புன்னையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆவுடையம்மாள் வீடு எது என்று கேட்டால் எல்லாரும் யோசிப்பார்கள். நாலு மாப்பிள்ளை வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே கை நீளும், கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

ஆவுடையம்மாளுக்கு நாலு பெண்கள். நாலு பேருக்கும் நல்ல வேலை. அந்த வேலைகளைப் பற்றி அவர்களுடைய கணவன்மாருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. அதனால் நாலு பேரும் மாமியார் வீட்டிலேயே தங்கி, பெண்டாட்டிகள் வேலைக்குப் போய் வருவதை மேற்பார்வை பார்த்து வந்தார்கள். மூத்தவர் காந்திமதிநாதன், வாயைத் திறந்தால் தீர்ப்புதான். இரண்டாமவர் குற்றாலம், செல்போனில் இயற்கை வைத்திய வீடியோ பார்த்தே பாதி வைத்தியர் ஆனவர். மூன்றாமவர் தாணுவுக்கு எதிலும் சந்தேகம் வரும், ஆனால் எந்தச் சந்தேகத்தையும் அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார். இளையவர் தளவாய் சொன்னதைச் செய்வார். சொன்னதை மட்டும்தான் செய்வார்.

கோடை விடுமுறையில் ஆவுடையம்மாள் பெண்களையும் பேரன் பேத்திகளையும் கூட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. காசிக்குப் போகிறவர்கள் எதையாவது அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். இவர்களைக் கூட்டிப் போனால் தன் மனசு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கு அப்பால், அவள் கையால் நாற்று நட்டு வளர்த்த தோட்டம் இருந்தது. கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி என்று நாலு பாத்தி. வண்டி ஏறும் முன் மாப்பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் நிறுத்தினாள்.

"மாப்பிள்ளைமாரே, நாலு பேரும் சேந்து காலையிலயும் சாயந்தரமும் தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் வரும்போது தோட்டம் பச்சையா இருந்தா இந்த வீட்டுல உங்களுக்கு இலை போடுவேன். இல்லேன்னா அவுகவுக அப்பா வீட்டுக்குக் கிளம்பிர வேண்டியதுதான்."

நாலு பேரும் ஒரே நேரத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையம்மாளின் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைப் பதினைந்து வருஷமாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்புகள் அவை. அன்று மத்தியானமே மெஸ்ஸிலிருந்து கேரியரில் வந்த சாம்பாரைப் பார்த்ததும் நிலைமையின் தீவிரம் அவர்களுக்கு முழுசாகப் புரிந்தது.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. நாலு பேரும் சேர்ந்து ஊற்றவேண்டும் என்பது மாமியார் உத்தரவு. ஆகவே நாலு பேரும் ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டார்கள். கிணற்றடியிலிருந்து தோட்டத்துக்குப் போகும் நடைபாதை ஒரு ஆள் அகலம். நாலு பேரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, தோட்டம் போய்ச் சேர்ந்தபோது வாளி காலி. அப்படியே காலி வாளியைப் பாத்திக்கு மேலே கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்கள். சாயந்தரமும் அப்படியே. ஒரு வேளை தவறவில்லை, ஒரு ஆள் குறையவில்லை.

நாலாம் நாள் செடிகள் தலை சாய்ந்தன. இத்தனைக்கும் தாங்கள் வேளை தவறாமல் செய்தும் இப்படி ஆனதில் அவர்களுக்கு உண்மையிலேயே வருத்தம். பக்கத்து வீட்டுச் செல்லக்கனியின் தோட்டமோ பச்சைப் பசேல் என்று இருந்தது. மதிலுக்கு மேலே நாலு தலைகள் எழும்பி எட்டிப் பார்த்தன. அங்கே பந்தலில் புடலங்காய்கள் தொங்கின. ஒவ்வொரு காயின் நுனியிலும் நூலில் ஒரு கல் கட்டியிருந்தது.

எதற்குக் கல் என்று காந்திமதிநாதன் கேட்டார். கல் கட்டினால்தான் புடலை சுருளாமல் நேராக நீளும் என்று செல்லக்கனி சொன்னாள். ஊரில் குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். இவர்களுக்கு அது இடி இறங்கியது போல் இருந்தது.

"ரோட்டுல கெடக்குற சல்லிக் கல்லுக்கே இவ்வளவு சக்தின்னா," என்றார் குற்றாலம், "நல்ல கல்லாக் கட்டினா என்னாகும் அண்ணாச்சி?"

காந்திமதிநாதன் கண்ணை மூடித் திறந்தார். "நாம தோட்டத்துக்குக் கல்லே கட்டல. அதான் வாடுது," என்று தீர்ப்பு சொன்னார்.

டவுனில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கடையில் பட்டு ஜிப்பா போட்ட ஒருவர் கிரிஸ்டல் கற்களைப் பரப்பி வைத்திருந்தார். தூக்கமின்மைக்கு ஒரு கல், கடன் தொல்லைக்கு ஒரு கல், கணவன் மனைவி சண்டைக்கு ஒரு ஜோடிக் கல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், யாருக்கு என்ன உபாதை என்று இவர்களைக் கேட்டார். கத்தரிக்கு வாட்டம் என்றார் காந்திமதிநாதன். கடைக்காரர் ஒரு நொடிதான் தயங்கினார். கத்தரிக்கு ஊதா, வெண்டைக்குப் பச்சை, மிளகாய்க்கும் தக்காளிக்கும் சிவப்பு என்று கூறு கூறாக எடுத்துப் போட்டார். தோட்டத்துக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று நார்த்தங்காய் அளவில் ஒரு பளிங்கு உருண்டையும் எடுத்தார். உருண்டையை நல்ல உச்சி வெயிலில் வைக்க வேண்டும், அப்போதுதான் சக்தி ஏறும் என்றார். நம்பாதவர் கண் பட்டால் கல் வேலை செய்யாது என்றும் எச்சரித்தார்.

விலைக்கு ஈடாக, மாமியார் கல்யாணத்தில் போட்ட மோதிரங்களை நாலு பேரும் கழற்றிக் கொடுத்தார்கள். வரும் வழியில் விரல் லேசாக இருப்பதாகத் தளவாய் சொன்னார். கல் இப்போதே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று குற்றாலம் விளக்கினார்.

அன்றே எல்லாச் செடிகளுக்கும் கல் கட்டியாயிற்று. கத்தரிப் பிஞ்சுக்கு ஒன்று, வெண்டை நுனிக்கு ஒன்று, மிளகாய்க் கொப்புக்கு இரண்டு. பாரம் தாங்காமல் மிளகாய்ச் செடிகள் மண்ணில் நெற்றி முட்ட வளைந்தன.

"சாஞ்சுட்டுல்லா கெடக்கு," என்றார் தாணு.

"அது பணிவு," என்றார் காந்திமதிநாதன். "நீ சந்தேகத்தோட பாக்காதே. அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

அன்றிலிருந்து தோட்டத்துக்குள் வந்தால் தாணு மதிலைப் பார்த்து நிற்பதென்று ஏற்பாடாயிற்று. நிற்கும் இடத்திலிருந்து செல்லக்கனியின் தோட்டம் நன்றாகத் தெரிந்ததால் அவருக்கும் அதில் மனக்குறை இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில் பளிங்கு உருண்டையை ஒரு முக்காலியில் தூக்கிக் கத்தரிப் பாத்தி நடுவில் வைத்தார்கள். சற்று நேரத்தில் உருண்டைக்குப் பின்னாலிருந்த இலையில் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தது. புள்ளியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. சக்தி இறங்குகிறது என்று மூன்று பேரும் கைகூப்பி நின்றார்கள். தாணு மதிலைப் பார்த்துக் கும்பிட்டார். சாயந்தரம் பார்த்தால் இலையெல்லாம் கருகிய ஓட்டை.

குற்றாலம் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உடம்புச் சூடு என்றார். செல்போனில் தேடிப் பார்த்ததிலும் அதுதான் வந்தது. சூட்டுக்கு இயற்கை வைத்தியம் என்ன? எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிழமையில் ஒரு சிக்கல் வந்தது. பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை. செடி ஆணா பெண்ணா?

"கத்தரியும் வெண்டையும் பெண்ணு," என்றார் காந்திமதிநாதன், வெகுநேரம் யோசித்துவிட்டு.

"எப்படிச் சொல்லுதீக அண்ணாச்சி?"

"தலையில பூ வச்சிருக்குல்லா."

அந்த அறிவை வியந்துகொண்டே பூத்த செடிகளை வெள்ளிக்கிழமைக்கும் பூக்காத செடிகளைச் சனிக்கிழமைக்கும் ஒதுக்கினார்கள். அடுக்களையில் இருந்த நல்லெண்ணெய் மொத்தமும் தோட்டத்துக்கு வந்தது. சூடு தணிய நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று குற்றாலம் சொன்னார். தளவாய் நன்றாக அழுத்தித் தேய்த்தார். பாதிச் செடிகள் அவர் கையோடு வந்துவிட்டன. மீதிக்குச் சீயக்காய் போட்டு, வெந்நீர் வார்த்து, ஈரம் காயச் சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாது. செடிகளின் இலைகள் எல்லாம் தூக்கம் வந்த கண் மாதிரி சொருகிக்கொண்டு போவதைப் பார்த்துத் தளவாய் பதறிப்போனார். ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டி, செடிகளைத் தூங்கவிடாமல் காவல் இருந்தார்கள். மெஸ்ஸில் சொல்லி மிளகு ரசம் வரவழைத்து வேரில் ஊற்றினார்கள். இரண்டு மணிக்கெல்லாம் காவல்காரர்கள் நாலு பேரும் பாத்தி ஓரத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் பொறுக்காமல் செல்லக்கனி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். காய்ந்த குச்சிகளில் ஊதாவும் சிவப்புமாகக் கற்கள் மினுங்கின.

"மாப்பிள்ளைமாரே, செடிக்குத் தண்ணி ஊத்துனீகளா?"

குரல் கேட்டு விழித்த குற்றாலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ணெய் தேச்ச உடம்புக்குப் பச்சத் தண்ணி ஊத்தினா ஜன்னி கண்டுரும் அக்கா. விவரம் தெரியாம வைத்தியத்துல தலையிடாதீக," என்றார். செல்லக்கனி போய்த் தன் புடலைக்குத் தண்ணீர் பாய்ச்சினாள்.

பத்து நாள் கழித்துக் காசியிலிருந்து ஆவுடையம்மாள் வந்து இறங்கினாள். கால் கழுவாமல் நேரே தோட்டத்துக்குத்தான் போனாள். நாலு பாத்தியும் வறண்டு வெடித்துக் கிடந்தன. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சில குச்சிகள், குச்சிகளில் கற்கள். ஒவ்வொரு நாற்றையும் குனிந்து குனிந்து நட்ட கை அவளுடையது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அத்தை, வைத்தியத்துல நாங்க ஒரு குறையும் வைக்கல," என்றார் காந்திமதிநாதன். "கல்லு கட்டியாச்சு. காய்தான் இனிமே வந்து சேரணும்."

பேசும்போது அவர் கையை ஆட்டினார். அப்போதுதான் மோதிரம் இல்லாத விரல் ஆவுடையம்மாள் கண்ணில் பட்டது. மற்ற மூன்று பேர் விரல்களையும் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. குச்சிகளைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டாள். கற்களை அறுத்து எடுத்துக் கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து நிழலில் குவியலாக வீசினாள். நாலு பேரையும் அன்றைக்கே பஸ் ஏற்றியிருப்பாள். பெண்கள் நாலு பேரும் குறுக்கே வந்து, போனால் போகட்டும் இன்னொரு தவணை கொடு என்று கேட்டுக்கொண்டதால் மனம் இறங்கினாள்.

"இன்னும் ஒரு மாசம். பழையபடி காலையிலயும் சாயந்தரமும் தண்ணி ஊத்துங்க. பச்சை புடிக்கிற வரைக்கும் உங்களுக்கு இலை கிடையாது, கஞ்சிதான். புடிக்கலேன்னா பஸ்ஸு," என்று சொல்லிவிட்டு, பத்திரம் என்று தளவாய் கையில் ஒரு விதைப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

பொட்டலத்தைத் தளவாய் பத்திரமாகப் பரணில் வைத்தார். கீழே வைத்தால் எலி தின்றுவிடும். மறுநாள் விடிந்ததும் நாலு பேரும் சேர்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றார்கள். தாணுவுக்குச் சந்தேகம் வந்தது.

"செடிதான் இல்லையே அண்ணாச்சி. எதுக்கு ஊத்துறது?"

காந்திமதிநாதன் சுற்றிலும் பார்த்தார். "தோட்டத்துல மிச்சம் இருக்கறது கல்லுதானே? அதுக்கு ஊத்துவோம்," என்றார்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே குவியல் இருந்ததால் இந்தத் தடவை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வழியில் சிந்தவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுக் காலையும் மாலையும் ஊற்றினார்கள். மழை பெய்தபோதும் ஊற்றினார்கள். கொல்லையில் வாளிச் சத்தம் வேளை தவறாமல் கேட்டதில் பச்சை பிடிக்கும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்றிருந்த ஆவுடையம்மாளுக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது. பதினெட்டாம் நாள் காலை தளவாய்தான் முதலில் பார்த்தார். கற்கள் மேல் பளபளவென்று பச்சைப் பாசி படர்ந்திருந்தது.

நாலு பேரும் ஆளுக்கு நாலு கல்லை வேட்டியில் ஏந்திக்கொண்டு அடுக்களை வாசலுக்கு ஓடினார்கள்.

"பச்சை புடிச்சிருச்சு அத்தை," என்றார் காந்திமதிநாதன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "நாலு இலை போடச் சொல்லுங்க."

ஆவுடையம்மாள் அவர் நீட்டிய கல்லைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கல்லைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்களும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

தாணுவுக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. "இதக் கூட்டு வைக்கவா அண்ணாச்சி, பொரியலா?"

"பிஞ்சா இருந்தா பொரியல், முத்தலா இருந்தா கூட்டு," என்று காந்திமதிநாதன் தீர்ப்பு சொன்னார்.

தளவாய் உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெண்டைக்காயைப் பார்ப்பது போல ஒவ்வொரு கல்லாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். பதினாறையும் பார்த்து முடித்துவிட்டு வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

"எல்லாம் முத்தல் அண்ணாச்சி. நாம ரெண்டு நாள் முந்தியே பறிச்சிருக்கணும்."