பெருங்காயக் கம்பெனிக்கு வயதான கதை

விருதுநகரைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனால் ஒரு பெருங்காயக் கம்பெனி வரும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

கணக்கு எழுதும் தவசிலிங்கத்துக்கு இருபத்தொன்பது வயது. பொட்டலம் போடுகிற பொன்னுத்தாய் மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்கும் அவன் மேல் ஆசைதான். ஆனால் கூடவே உட்கார்ந்து பொட்டலம் போடும் அவள் அம்மா ஒச்சம்மாள், "மேனேஜர் ஆயிட்டு வா, பொண்ணு தர்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

தீபாவளி நெருங்கியது. முதலாளி அண்ணாச்சி தவசியைக் கூப்பிட்டார்.

"போன வருஷம் போனஸைக் கையில குடுத்தேன். எல்லாரும் வெடியா வாங்கிக் கொளுத்திட்டீங்க. இந்தத் தடவை மொத்தத்தையும் ஓய்வுக்காலச் சேமிப்புல போட்டுரு. புதுச் சம்பள சாப்ட்வேர்ல அதுக்கு வழி இருக்கு. அது கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லு. பாஸ்வேர்டை ஒரு கண்ணும் பாக்கக் கூடாது. நான் மதுரை போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிட்டா, நீதான் மேனேஜர்."

தவசி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினான். தப்பு என்றது. மறுபடி தட்டினான். மறுபடியும் தப்பு.

வாட்ச்மேன் சோணமுத்து யோசித்துச் சொன்னார்: "ஒரு கண்ணும் பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? ரெண்டு கண்ணாலயும் பாரு."

பார்த்தான். திறந்துகொண்டது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த எல்லோரும் சோணமுத்துவை மரியாதையோடு பார்த்தார்கள்.

'உங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாராளமா. நானும் உங்களை மறக்க மாட்டேன்" என்று வாய்விட்டே சொன்னான். அண்ணாச்சி பதில் சொல்லத்தானே சொன்னார்.

பிறகு ஓர் அறிவிப்பு வந்தது: 'இந்தச் சேமிப்பை எடுக்க ஐம்பத்தெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்.'

"போச்சு. நம்மள்ல யாருக்கு அம்பத்தெட்டு?" என்றான் தவசி.

"எனக்கு அறுபத்துமூணு. நிரம்பி வழிஞ்சே போச்சு" என்று வருத்தப்பட்டார் சோணமுத்து. "ஒண்ணு செய். எல்லாருக்கும் ஏத்திரு. எனக்கு இறக்கிரு."

தவசி ஒவ்வொருவர் பிறந்த தேதியாக மாற்றிக்கொண்டே வந்தான். ஒச்சம்மாள்தான் தடுத்தாள்.

"எனக்கும் எம்மகளுக்கும் ஒரே வயசுன்னா, நான் அவளை எப்பப் பெத்தேன்?"

"நீ பொறந்த அன்னைக்கே பெத்திருப்பே" என்றார் சோணமுத்து.

அவள் வெகுநேரம் யோசித்தாள். "இருக்கும். அன்னைக்கு நடந்தது ஒண்ணும் எனக்கு ஞாபகமில்ல."

போனஸ் முழுவதும் சேமிப்பில் போய் விழுந்தது. கூடவே, 'அனைவரும் ஓய்வு பெற்றனர்' என்றும் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் வேலை பார்க்கலாமா? அடுப்பை அணைத்தார்கள். ஆளுக்கொரு துண்டைப் பொன்னாடையாகப் போர்த்திக்கொண்டார்கள். சோணமுத்து தன் ஊன்றுகோலைத் தவசியிடம் கொடுத்துவிட்டு, ஐந்து வயது குறைந்த தெம்பில் வாசல் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தவசிக்கு முதுகு தானாகவே வளைந்தது.

சாயங்காலம் வந்த அண்ணாச்சி, பூட்டிக்கிடந்த கம்பெனியையும் மரத்தடியில் இருமிக்கொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்துத் திகைத்தார். அவருக்கு நாற்பத்தொன்று.

"உக்காருங்க தம்பி" என்றான் தவசி. "போனஸைப் போட்டாச்சு. இனிமே நான் மேனேஜர்தானே?"

நடந்ததைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. "ஓய்வு பெத்தவனை எந்த ஊர்லடா மேனேஜர் ஆக்குவாங்க?"

கூட்டம் இதை ஆலோசித்தது. தம்பி சொல்வது நியாயம்தான் என்று முடிவானது. தவசி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வேலையும் போய், பொன்னுத்தாயும் போய், அவனுக்கு என்ன மிச்சம்?

ஒச்சம்மாளுக்கு மனம் இளகிவிட்டது.

"அழாதீங்க மாப்பிள்ளை. மேனேஜருக்காவது ஒருநாள் வேலை போகலாம். உங்களுக்குப் போறதுக்கு வேலையே இல்ல. சேமிப்பு வேற இருக்கு. இதைவிட நல்ல சம்பந்தம் எங்க கிடைக்கும்? தை மாசமே கல்யாணத்தை வச்சிரலாம்."

தவசி சட்டென்று நிமிர்ந்தான். முதுகுவலி பறந்தே போய்விட்டது.

சோணமுத்து மரத்திலிருந்து குரல் கொடுத்தார். "அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல மாப்பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணம் வருது. எதுக்கு ரெண்டு செலவு? ஒரே பந்தல்ல ரெண்டையும் முடிச்சிரலாம்."

சிக்கனமான யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தவசி தவிப்போடு பொன்னுத்தாயைப் பார்த்தான்.

அவள் வெட்கத்தோடு சொன்னாள்: "அம்பத்தெட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு ரெண்டு வருஷமா பெருசு?"