செல்லக்கிளியைத் தனியாக விடாத கதை

அப்பிராணிப்பட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் செல்லக்கிளி அந்த வெள்ளத்திலிருந்து காலையிலேயே தப்பித்திருப்பாள்.

கண்மாய் உடைத்துக்கொண்டதில், ஊருக்குத் தெற்கே பள்ளத்தில் இருந்த அவள் வீட்டைக் கழுத்தளவு தண்ணீர் சூழ்ந்துவிட்டது. சினை ஆட்டை இழுத்துக்கொண்டு வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஆடு ஒன்றுதான். அதுவும் வலியெடுத்து முனக ஆரம்பித்திருந்தது. கொட்டுகிற மழையில் குட்டி போட்டால் தாயும் மிஞ்சாது, குட்டியும் மிஞ்சாது. எப்படியாவது மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

ஊருக்குள் ஓர் அதிகாரி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்: "வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தனியாக விடாதீர்கள். அவர்களோடு இருங்கள்."

நற்பணி மன்றத் தலைவர் குழந்தைவேலு கண் கலங்கிக் கிளம்பினார். மீன் பிடிக்கிற பூலோகத்திடம் ஒரு பரிசல் இருந்தது. இரண்டு பேருக்கு மேல் தாங்காது. பூலோகம் முதலில் தலைவரைக் கொண்டுவந்து மாடியில் இறக்கினான். அப்புறம் மன்றத்து ஆள் ஆதிமூலத்தை. அப்புறம் துரைக்கண்ணுவை, பேனரோடு.

செல்லக்கிளிக்கு உயிர் வந்தது. "அண்ணே, என்னையும் ஆட்டையும் ஏத்திவிடுங்கண்ணே."

"அவசரப்படாத தாயி. இனிமே நீ தனியா இல்ல. நாங்க இருக்கோம்" என்றார் குழந்தைவேலு.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நால்வரும் எட்டுக் கையால் பிடித்து அவளிடம் நீட்டினார்கள். போட்டோ எடுக்க ஆள் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பூலோகம் போட்டோ எடுக்கப் போனதும் பிடித்த கை ஆறாகிவிட்டது என்று ஆதிமூலம் வருத்தப்பட்டான். பிறகு, அவள் பசியில் பங்கெடுத்துக்கொள்வதாகச் சொல்லி அந்தப் பிஸ்கட்டை நால்வரும் தின்றார்கள்.

ஆடு கத்தியது.

"சரி, கூட்டிட்டுப் போவோம்" என்றான் பூலோகம்.

"கரையில கொண்டுபோய் விட்டா அங்க தனியால்ல நிப்பா? உத்தரவு என்ன ஆவுறது?" என்றான் துரைக்கண்ணு.

நியாயம்தானே! கரையில் துணைக்கு நிற்க முதலில் ஆதிமூலத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். அவன் அங்கே தனியாக நின்றான். அவனுக்குத் துணையாகத் துரைக்கண்ணுவைக் கொண்டுபோனார்கள். மாடியில் இப்போது குழந்தைவேலுவும் செல்லக்கிளியும். அவளை ஏற்றினால் தலைவர் தனி. தலைவரை ஏற்றினால் அவள் தனி. ஆகவே மாடிக்குத் துணையாகத் துரைக்கண்ணுவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கரையில் தனியாகிப்போன ஆதிமூலம் ஓவென்று அழுதான். அவனையும் கொண்டுவந்தார்கள்.

உச்சிப்பொழுதுக்கு ஐந்து பேரும் மாடியில் இருந்தார்கள். காலையிலும் அப்படித்தான் இருந்தார்கள்.

"ஆட்டை ஒரு ஆளா எடுத்துக்கலாமா?" என்று பூலோகம் கேட்டான். துணை என்றால் ஆறுதல் சொல்லத் தெரிய வேண்டாமா என்றார் தலைவர். அதுவும் கத்தத்தானே செய்கிறது என்றான் ஆதிமூலம். வாதம் சூடு பிடித்தது.

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருக்கக் கூடாதா என்று செல்லக்கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டைத் தூக்கிப் பரிசலில் போட்டாள். துடுப்பை எடுத்தாள். போய்விட்டாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் கால் வைத்த பத்தாம் நிமிஷம் ஆடு இரண்டு குட்டி போட்டது. செல்லக்கிளி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து மைக் ஆட்டோ வந்தது. "இன்னும் யாராவது சிக்கியிருக்காங்களாம்மா?"

"என் வீட்டு மாடியில நாலு பேர் இருக்காங்கய்யா" என்றாள் அவள்.

அதிகாரி மறுபடி மைக்கைப் பிடித்தார்: "அந்த நால்வரையும் தனியாக விடாதீர்கள்!"

ஊர் பொங்கி எழுந்தது. பரிசல் பொழுது சாய்கிறவரை ஓடியது.

மூன்றாம் நாள் வெள்ளம் சொட்டில்லாமல் வடிந்துவிட்டது. செல்லக்கிளி ஆட்டையும் குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள். வீட்டுக்குள் முழங்கால் மட்டும் சேறு. மாடியில் முப்பத்தெட்டுப் பேர். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் சேற்றை வாரிக் கொட்ட ஆரம்பித்தாள்.

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். குழந்தைவேலு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம்யா, அத்தனை சேத்தையும் ஒத்தையில கிடந்து அள்ளுறா. பாத்துட்டுச் சும்மா இருக்கலாமா?"

"கூடாது, கூடாது!" என்றார்கள் எல்லோரும்.

"பின்ன என்ன? டேய் பூலோகம், பரிசலை எடு. அவளை மேல கொண்டாந்துருவோம்."